அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? பேங்க்ல இருந்து நம்ம விவரம் கசிஞ்சா சட்டத்துல நமக்கு என்ன வழி

கோட்டையூர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு ஆச்சி இருக்காக, வயசு 74, அம்புட்டுப் பெரிய வீட்டுல தனியாத்தான் இருக்காக, ஒரே மகன் சிங்கப்பூர்ல. போன தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை காலையில போன் வந்திருக்கு. பேங்க்ல இருந்து பேசுறேன்னு சொன்னவன் அதோட நிறுத்தலை, ஆச்சியோட எஃப்டி நம்பர், தொகை எவ்வளவு, திங்கக்கிழமை முதிர்வு ஆகுதுங்கிறது, நாமினியா மகன் பேர் போட்டிருக்கிறது வரைக்கும் வரிசையா ஒப்பிச்சிருக்கான். வட்டி கூட்டிப் போடுறோம், வாட்ஸ்அப்ல ஒரு பாரம் வந்திருக்கு தொறந்து பாருங்கன்னு சொன்னான், ஆச்சி தொறந்துட்டாக. ஓடிபி எதுவும் சொல்லலை, பின் நம்பர் சொல்லலை. சாயங்காலம் சேவிங்ஸ் கணக்குல இருந்து 98,000 ஒரு தடவை, 87,000 ஒரு தடவை, மொத்தம் 1,85,000 ரூபா போயிருச்சு.

செவ்வாய்க்கிழமை பிராஞ்சுக்குப் போனப்ப கவுன்டர்ல சொன்ன மொத வார்த்தை, "நீங்கதான் ஓடிபி குடுத்திருப்பீங்க." ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏந்தம்பி, நான் அந்தப் பயகிட்ட ஒரு நம்பரும் சொல்லலையே, எல்லாத்தையும் அவனேல்ல சொன்னான், அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இவுகளைக் கேளுங்க"ன்னாக.

நான் காரைக்குடியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்குறேன், வக்கீல் இல்ல, ஆனா பத்து வருஷமா பேங்குக்கும் ஆர்பிஐக்கும் சொந்தக்காரங்களுக்கும் தெரிஞ்சவங்களுக்கும் மனு எழுதிக் குடுத்திட்டிருக்கேன். ஆச்சி கேட்ட அந்த ஒரு கேள்வியை விட நல்ல கேள்வியை நான் எந்த மனுவுலயும் பார்த்ததில்ல. பணம் போனவங்க எல்லாரும் "நான் ஏமாந்துட்டேன்"னு ஆரம்பிக்கிறாங்க, அப்படி ஆரம்பிச்சவுடனே தப்பு நம்ம மேல வந்து உக்காந்துக்குது. ஆச்சி ஆரம்பிச்ச இடம் வேற. என் டெபாசிட் விவரம் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியணும், மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சிருக்குன்னா அது எங்க இருந்து போச்சு? இதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா சட்டத்துல எந்தக் கதவு தொறக்கும், எது பாதி தொறக்கும், எது இப்போதைக்குப் பூட்டியே கிடக்குங்கிறதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்கணும். விவரம் கசியுறது ஒரு சேதம், பணம் போறது இன்னொரு சேதம். ரெண்டும் ஒரே நாள்ல நடக்கணும்னு இல்ல, விவரம் போய் ஒரு வருஷம் கழிச்சுக்கூட பணம் போகலாம், போகாமலும் இருக்கலாம். நம்ம நாட்டுச் சட்டம் ரெண்டாவதுக்கு ஓரளவு நல்லாவே கை குடுக்குது, முதலாவதுக்கு ரொம்பக் கம்மிதான். இது தெரியாம போய் நின்னா எல்லா ஆபீஸ்லயும் அலையவிடுவாங்க.

எப்படிக் கசியுதுன்னும் கொஞ்சம் சொல்லிடுறேன். இந்த ஊருக்கு பேங்க் தொழில் புதுசில்ல, பர்மாவுலயும் மலேயாவுலயும் கொடுக்கல் வாங்கல் பண்ணின காலத்துல யார் எவ்வளவு போட்டிருக்கா, யாருக்கு எவ்வளவு பாக்கிங்கிறது பேரேட்டுல இருக்கும், அது மேலாள் கையை விட்டுப் போகாது. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி ஐஓபி ஆரம்பிச்சப்ப காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன்னு மூணு ஊர்லயும் ஒரே நாள்ல தொறந்தாங்க, அப்பவும் பேரேடு அந்தந்த பிராஞ்சுக்குள்ளயேதான். இன்னிக்கு உங்க கணக்கு விவரம் பிராஞ்சுல மட்டும் இல்ல. எஸ்எம்எஸ் அனுப்புற கம்பெனி, கார்டு அடிக்கிற கம்பெனி, கால் சென்டர், ஏடிஎம் மெஷினைப் பார்த்துக்கிற கம்பெனி, லோன் பிடிச்சுத் தர்ற ஏஜென்ட், இன்சூரன்ஸ் விக்கிற ஆளுன்னு பல கைக்குப் போகுது. 2016ல நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும், கிட்டத்தட்ட 32 லட்சம் டெபிட் கார்டு விவரம் ஆபத்துல இருக்குன்னு அக்டோபர்ல செய்தி வந்துச்சு, ஸ்டேட் பேங்க் மட்டுமே சுமார் 6 லட்சம் கார்டை பிளாக் பண்ணி மாத்திக் குடுத்தாங்க. ஓட்டை எந்த பேங்க்லயும் இல்ல, ஏடிஎம் பரிவர்த்தனையைப் பார்த்துக்கிட்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ்ங்கிற கம்பெனியோட சிஸ்டத்துல வைரஸ் புகுந்திருந்துச்சு, அதுவும் மே மாசத்துல இருந்தே. அத்தனை மாசம் கழிச்சுத்தான் ஜனங்களுக்குத் தெரிய வந்துச்சு.

அதனால "எங்க சிஸ்டம் பத்திரமாத்தான் இருக்கு, வெளி கம்பெனியில ஏதாவது நடந்திருக்கலாம்"னு பேங்க் சொன்னா அதோட எந்திரிச்சு வந்துடாதீங்க. ஐடி வேலையை வெளியில குடுத்தாலும் வாடிக்கையாளர்கிட்ட பொறுப்பு பேங்குக்குத்தான்னு ஆர்பிஐ 2023 ஏப்ரல் 10ல போட்ட உத்தரவுல தெளிவா இருக்கு, மனுவுல அந்தத் தேதியை எழுதினாலே எதிர்ல இருக்கிறவங்க பேச்சு மாறுறதை நான் பார்த்திருக்கேன்.

இப்ப பணம் போன விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் நம்ம கை ஓங்கியிருக்கு, அதனால இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

ஆர்பிஐ 2017 ஜூலை 6ஆம் தேதி ஒரு சர்க்குலர் போட்டுச்சு. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாம ஆன்லைன்ல பணம் போனா யார் எவ்வளவு தாங்கணும்ங்கிறது அதுல இருக்கு, கூட்டுறவு பேங்குகளுக்கும் அதே வருஷம் டிசம்பர்ல இதே மாதிரி வந்துருச்சு. அதோட சாரம் இதுதான். தப்பு பேங்க் பக்கம்னா நமக்கு ஒரு பைசா பொறுப்பு இல்ல, நாம சொன்னாலும் சொல்லாட்டியும். தப்பு பேங்க் மேலயும் இல்ல நம்ம மேலயும் இல்ல, நடுவுல வேற எங்கயோ நடந்திருக்குன்னா, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா அப்பவும் நம்ம பொறுப்பு பூஜ்யம். நாலுல இருந்து ஏழு வேலை நாளுக்குள்ள சொன்னா ஒரு உச்சவரம்பு உண்டு, சாதா சேவிங்ஸ் கணக்குக்கு 10,000 ரூபா, அடிப்படை சேவிங்ஸ் கணக்குக்கு 5,000, பெரிய கரன்ட் அக்கவுன்ட்டுக்கும் 5 லட்சத்துக்கு மேல லிமிட் இருக்கிற கிரெடிட் கார்டுக்கும் 25,000. அதுக்கு மேல போனது பேங்க்தான் தாங்கணும். ஏழு நாள் தாண்டிட்டா அந்தந்த பேங்க் போர்டு வச்சிருக்கிற பாலிசிப்படி. நம்ம கவனக்குறைவால, உதாரணமா நாமளே பின் நம்பரையோ ஓடிபியையோ தூக்கிக் குடுத்து நடந்திருந்தாத்தான், சொல்ற வரைக்கும் போனது நம்ம தலையில, சொன்னதுக்கு அப்புறம் போறது அந்த கேஸ்லயும் பேங்க் தலையில.

இதுல வேலை நாளை எண்ணுற விதம் ரொம்ப முக்கியம். மெசேஜ் வந்த நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது, உங்க பிராஞ்ச் தொறந்திருக்கிற நாளை மட்டும்தான் எண்ணணும். ஆச்சிக்கு மெசேஜ் வந்தது வெள்ளிக்கிழமை, மறுநாள் இரண்டாம் சனி, அப்புறம் ஞாயிறு. திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு. நாங்க போய் நின்னது ரெண்டாவது வேலை நாள்ல, ஆனா கவுன்டர்ல விரல் விட்டு "அஞ்சு நாள் ஆச்சே, லேட்டா வந்திருக்கீங்களே"ன்னாங்க. நான் சர்க்குலரை பிரின்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன், அந்த வரியைக் காமிச்சதுக்கு அப்புறம்தான் மனுவுல சீல் வச்சுக் குடுத்தாங்க. இது தவிர, சனிக்கிழமையே டோல் ஃப்ரீ நம்பர்ல கூப்பிட்டு கணக்கை பிளாக் பண்ணி கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கியிருந்தோம், அதுவும் புகார் குடுத்ததுதான், எழுத்துல குடுத்தாத்தான் புகார்னு அந்த சர்க்குலர்ல இல்ல. இருந்தாலும் எழுத்துல குடுங்க, சீல் வாங்குங்க.

அதே சர்க்குலர்ல இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, பேங்க் தானா முன்வந்து சொல்லவே மாட்டாங்க. ஒண்ணு, புகார் குடுத்து 10 வேலை நாளுக்குள்ள போன தொகையை கணக்குல நிழல் வரவா, அதாவது முடிவு வர்ற வரைக்கும் தற்காலிக வரவா வைக்கணும், இன்சூரன்ஸ் பணம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது, 90 நாளுக்குள்ள விசாரணையை முடிக்கணும். ரெண்டாவது, தப்பு வாடிக்கையாளர் மேலன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பேங்கோடது. "ஓடிபி போயிருக்கு, அதனால நீங்கதான் குடுத்திருக்கீங்க"ன்னு சொல்றது நிரூபணம் இல்ல. ஓடிபி எந்த நம்பருக்குப் போச்சு, எந்த போன்ல இருந்து லாகின் ஆச்சு, புது பெனிஃபிஷியரி எப்ப சேர்த்தாங்க, வழக்கமா மாசம் 15,000 எடுக்கிற ஒரு வயசானவங்க கணக்குல அரை மணி நேரத்துல ரெண்டு பெரிய தொகை போனப்ப அவங்க சிஸ்டம் ஏன் நிறுத்தலை, இதுக்கெல்லாம் பதில் அவங்கதான் சொல்லணும். வாட்ஸ்அப்ல வந்ததைத் தொறந்தது கவனக்குறைவுதானேன்னு பேங்க் வாதாடும், வாதாடட்டும், அது வாதத்துக்கு உட்பட்ட விஷயம், தீர்ப்பு இல்ல.

அசாம்ல ஒருத்தருக்கு நடந்ததை இங்க சொல்லியே ஆகணும். ஆன்லைன்ல வாங்கின ஒரு பிளேசர் கோட்டை ரிட்டர்ன் பண்ணப் பார்த்திருக்கார், அந்தத் துணிக் கம்பெனி வெப்சைட்ல இருந்து விவரம் கசிஞ்சு போயிருந்துச்சு, கஸ்டமர் கேர்னு ஒருத்தன் பேசி ஒரு ஆப்பை இறக்க வச்சு 94,204 ரூபாயை எடுத்துட்டான். அவர் 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேட் பேங்க்ல சொல்லிட்டார். பேங்க், அவரோட கவனக்குறைவுதான்னு நின்னுச்சு. குவாஹாட்டி ஐகோர்ட் அதை ஏத்துக்கலை, அந்த 2017 சர்க்குலரை வச்சு பணத்தைக் குடுக்கச் சொன்னுச்சு, பேங்க் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2025 ஜனவரி 3ல சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துருச்சு. ஆச்சி கேஸுக்கு இது எவ்வளவு பொருந்துதுன்னு பாருங்க. அவர் வாங்கின பொருள் விவரத்தை அந்த மோசடிக்காரன் தெரிஞ்சு வச்சிருந்ததாலதான் அவர் நம்பினார். இங்க எஃப்டி விவரத்தைத் தெரிஞ்சு வச்சிருந்ததாலதான் ஆச்சி நம்பினாக. அங்கயாவது கசிஞ்சது ஒரு துணிக் கம்பெனியில, இங்க எஃப்டி நம்பர் பேங்கைத் தவிர வேற யார்கிட்ட இருக்கும்?

பணம் போன உடனே, பேங்குக்குப் போறதுக்கு முன்னாடியே 1930க்கு அடிங்க. அது சைபர் மோசடிக்கான நம்பர், பணம் போன வழியில அடுத்தடுத்த கணக்குகளை முடக்கச் சொல்லி பேங்குகளுக்குத் தகவல் போகும். மணிக்கணக்கு கூட இல்ல, நிமிஷக்கணக்கு. நாங்க சனிக்கிழமை காலையில அடிச்சதுல 41,000 ரூபா ரெண்டாவது கணக்குலயே மாட்டிக்கிச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரியே அடிச்சிருந்தா இன்னும் நின்னிருக்கும். முடக்கின பணம் தானா திரும்பி வந்துடாது, மாஜிஸ்திரேட் கோர்ட்ல பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 503ஆவது பிரிவுல மனு போட வேண்டி வரலாம். சைபர் கிரைம் போலீஸ் மாவட்டத் தலைநகரத்துல இருக்கு, எங்களுக்கு சிவகங்கை, ராயவரம் அரிமளம் பக்கத்து ஆளுகளுக்கு புதுக்கோட்டை. ஆனா புகாரை எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எங்க எல்லை இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாது.

பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலைன்னாலும், சொன்ன பதில் திருப்தி இல்லைன்னாலும் அடுத்தது ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆர்பிஐ அதிகாரி. 2021 நவம்பர் 12ல இருந்து நாடு முழுக்க ஒரே திட்டமாக்கிட்டாங்க, எந்த ஊர் பிராஞ்சுன்னு பார்க்க வேண்டியதில்ல, ஆர்பிஐயோட சிஎம்எஸ்ங்கிற புகார் போர்ட்டல்ல போடலாம், போர்ட்டல் வராதுன்னா சண்டிகர்ல இருக்கிற அவங்க மையத்துக்குத் தபால்லயும் அனுப்பலாம், சந்தேகம்னா 14448. பீஸ் கிடையாது. வக்கீல் வைக்க முடியாது, வேண்டியதும் இல்ல, ஆனா வக்கீல் இல்லாத ஒருத்தரை பிரதிநிதியா எழுதிக் குடுக்கலாம், வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு இது பெரிய வசதி. 2021 திட்டத்துல நஷ்டத்துக்கு 20 லட்சம் வரைக்கும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் தனியா 1 லட்சம் வரைக்கும் குடுக்கச் சொல்ற அதிகாரம் அவருக்கு இருக்கு. அந்தத் திட்டப்படி பேங்க் பதில் வந்ததுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும்.

இங்க ஒரு வரிசை இருக்கு, தப்பினா நஷ்டம். கன்ஸ்யூமர் கோர்ட்லயோ வேற கோர்ட்லயோ கேஸ் போட்டுட்டு ஆம்புட்ஸ்மேன்கிட்ட போனா எடுத்துக்க மாட்டாங்க. அதனால முதல்ல பேங்க், அப்புறம் ஆம்புட்ஸ்மேன், அங்க நியாயம் கிடைக்கலைன்னா கன்ஸ்யூமர் கமிஷன். காலக்கெடு ரெண்டு வருஷம்ங்கிறதை மட்டும் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க, ஆம்புட்ஸ்மேன் பதிலுக்காகக் காத்திருந்தே ரெண்டு வருஷத்தைத் தாண்டிட்ட ஒருத்தரை எனக்குத் தெரியும்.

ஊர் சொசைட்டியில, அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துல பணம் வச்சிருக்கிறவங்க கவனிங்க, அது ஆர்பிஐ கீழ வராது, ஆம்புட்ஸ்மேனும் கிடையாது. அவங்களுக்குக் கூட்டுறவுத் துறை அதிகாரிகளும் கன்ஸ்யூமர் கமிஷனும்தான்.

கன்ஸ்யூமர் கமிஷனைப் பத்தி நம்ம ஆளுகளுக்கு ஒரு பயம், கோர்ட்டுனாலே மெட்ராஸ் போகணும் மும்பை போகணும்னு. 2019 சட்டத்துல அது மாறிருச்சு, நீங்க குடியிருக்கிற ஊர் எந்த மாவட்டமோ அங்கயே போடலாம், பேங்க் ஹெட் ஆபீஸ் எங்க இருந்தாலும் சரி. எங்களுக்கு சிவகங்கை. மாவட்டமா மாநிலமாங்கிறது நாம கேக்குற நஷ்ட ஈட்டைப் பொறுத்தது இல்ல, சேவைக்காக நாம குடுத்த தொகையைப் பொறுத்தது, அது 50 லட்சம் வரைக்கும் மாவட்டக் கமிஷன்தான், 5 லட்சம் வரைக்கும் பீஸ் இல்ல. இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவச வக்கீல் உண்டு, 15100ல கேளுங்க, இதைச் சொன்னப்ப ஆச்சி நம்பவே இல்ல, "வீடு வாசல் இருக்கிறவுகளுக்குமா"ன்னு ரெண்டு தடவை கேட்டாக. ஆமா, 1987 சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு.

ஒரே கசிவுல ஊர்ல பத்துப் பேர் மாட்டியிருந்தா தனித்தனியா அலைய வேண்டாம், கன்ஸ்யூமர் சட்டம் 35(1)(சி) பிரிவுல கமிஷன் அனுமதியோட ஒருத்தர் எல்லாருக்காகவும் சேர்த்துப் போடலாம். அமெரிக்காவுல கேபிடல் ஒன் பேங்க்ல 2019ல சுமார் 10 கோடிப் பேர் விவரம் திருடு போனப்ப எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்கா நடந்து 19 கோடி டாலருக்குச் சமரசம் ஆச்சு. அங்க இருக்கிற நம்ம பிள்ளைக "இங்க ஏன் அப்படி இல்ல"ன்னு கேக்குறாங்க. பிரிவு இங்கயும் இருக்கு, பேங்க் கசிவுக்கு அதை எடுத்து நடத்துறதுக்குத்தான் ஆள் சேர மாட்டேங்குறாங்க, பணம் போனதை வெளியில சொல்றதே கௌரவக் குறைச்சல்னு நினைக்கிற ஊர் இது.

இன்னொரு கதவு இருக்கு, அதை நம்ம ஜனங்க எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல. ஐடி சட்டம் 2000ல 46ஆவது பிரிவுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தீர்ப்பு அதிகாரி உண்டு, மாநில ஐடி துறைச் செயலாளர்தான் அவர், 5 கோடி வரைக்கும் நஷ்ட ஈடு கேக்குறதை அவர் விசாரிக்கலாம். தமிழ்நாட்டுல இதுக்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கு. தூத்துக்குடி பிராஞ்சுல கணக்கு வச்சுக்கிட்டு அபுதாபியில வேலை பார்த்த ஒருத்தரோட பணம் போலி ஈமெயில் மூலமா இன்னொரு கணக்குக்குப் போயிருச்சு, பேங்க் வழக்கம்போல நீங்கதான் பாஸ்வேர்டைக் குடுத்தீங்கன்னுச்சு. 2010 ஏப்ரல்ல தமிழ்நாடு ஐடி செயலாளர், பேங்க் தரப்புல பாதுகாப்பு போதலைன்னு 12.85 லட்சம் ரூபா குடுக்கச் சொல்லித் தீர்ப்பு குடுத்தார். பேங்க் அப்பீல் போச்சு, 2019ல டிடிசாட் தீர்ப்பாயமும் அதை உறுதி பண்ணுச்சு. ஒம்பது வருஷம். அந்த மனுஷர் விடாம நின்னாரு பாருங்க, அதுக்குத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்றேன், வெளிநாட்டுல சம்பாதிச்சு இங்க போடுற குடும்பங்க நிறைஞ்ச நம்ம பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடையாது.

அதே சட்டத்துல 43ஏன்னு ஒரு பிரிவு, விவரக் கசிவுக்குன்னே இருக்கிறது. பாஸ்வேர்டு, பேங்க் கணக்கு, கார்டு விவரம் மாதிரி ரகசிய தகவலை வச்சிருக்கிற கம்பெனி அதைக் காப்பாத்துறதுல அலட்சியமா இருந்து அதனால ஒருத்தருக்கு நஷ்டம் வந்தா ஈடு குடுக்கணும். ஆச்சியோட கேள்விக்கு நேரடியாப் பொருந்துற பிரிவு இதுதான். ஆனா இதுக்கு ஆயுசு கம்மி. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை எடுத்துடுது. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான பகுதி எல்லாம் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசத்துல அமலுக்கு வரும், அன்னிக்கு 43ஏ போயிடும். இப்ப கசிவால நஷ்டப்பட்டவங்க 43ஏ இருக்கிறப்பவே மனுவைப் போட்டுடுறது புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன்.

புதுச் சட்டம் நல்லதா கெட்டதான்னு கேட்டா, பாதிப் பாதி. நல்லது என்னன்னா, விவரம் கசிஞ்சா பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் தாமதம் இல்லாம, புரியுற பாஷையில பேங்க் சொல்லணும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துல முழு விவரம் குடுக்கணும். இன்னிக்கு நிலைமையில ஆறு மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்ங்கிற மத்திய அரசு சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லணும்னு 2022லயே உத்தரவு இருக்கு, ஆனா நமக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கும், பணத்தைப் போட்டவங்களுக்குத் தெரியாது. பாதுகாப்புல கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும், கசிவை மறைச்சா 200 கோடி வரைக்கும் அபராதம். கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த அபராதம் மொத்தமும் இந்திய அரசோட தொகுப்பு நிதிக்குப் போகும், விவரம் போனவங்களுக்கு ஒத்த ரூபா கிடையாது. இருந்த ஈட்டுப் பிரிவையும் எடுத்துட்டு, புதுசா ஈடும் குடுக்காத சட்டம். 2017ல ஒம்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்ன நாட்டுல இது சரியில்லைன்னுதான் என் மனசு சொல்லுது.

அப்ப பணம் போகலை, விவரம் மட்டும் போயிருக்கு, அவங்க என்ன பண்றது? நஷ்டத்தைக் காட்டச் சொல்லுவாங்க, அதுதான் சிக்கல். கன்ஸ்யூமர் கமிஷன்ல சேவைக் குறைபாடு, மன உளைச்சல்னு கேக்கலாம். ஆனா அதைவிட அவசரம், பேங்குக்கு எழுத்துல ஒரு கடிதம் குடுத்து வைக்கிறது, "என் விவரம் வெளியில போயிருக்கு, இன்ன நாள் இன்ன நேரம் இன்ன நம்பர்ல இருந்து இன்னதைச் சொன்னாங்க, கணக்கைக் கண்காணிப்புல வைங்க"ன்னு. பின்னாடி பணம் போனா, முன்னாடியே எச்சரிச்சும் நீங்க ஒண்ணும் பண்ணலைன்னு சொல்ல அந்த ஒரு காகிதம் போதும். அரசு பேங்க்னா ஆர்டிஐல 10 ரூபா கட்டி உங்க புகார் மேல என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு கேக்கலாம், தனியார் பேங்குக்கு ஆர்டிஐ கிடையாது. உங்க பான் நம்பரை வச்சு வேற யாரும் லோன் எடுத்திருக்காங்களான்னு கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்க, வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், தப்பா இருந்து திருத்தச் சொல்லியும் 30 நாள்ல திருத்தலைன்னா ஒரு நாளைக்கு 100 ரூபா வீதம் உங்களுக்கு ஈடு தரணும்னு 2023ல ஆர்பிஐ சொல்லியிருக்கு.

ஸ்கிரீன்ஷாட்டைப் பத்தி ஒரு வார்த்தை. கோர்ட்னு போனா போன்ல இருக்கிறதை அப்படியே காமிச்சா போதாது, புது சாட்சியச் சட்டம் 63(4) பிரிவுல ஒரு சான்றிதழ் சேர்க்கணும், அதனால அந்த போனையும் வந்த மெசேஜையும் அழிச்சுடாதீங்க, போனை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடாதீங்க.

ஆச்சி விஷயத்துல பேங்க் 24ஆவது நாள் பதில் குடுத்துச்சு, பரிவர்த்தனை முறைப்படி அங்கீகரிக்கப்பட்டிருக்கு, எங்க தரப்புல குறை இல்லைன்னு நாலு வரி. எஃப்டி விவரம் வெளியாளுக்கு எப்படிப் போச்சுங்கிறது எங்க மனுவுல முதல் கேள்வி, அதுக்கு அந்த நாலு வரியில ஒரு எழுத்துகூட இல்ல. இப்ப ஆம்புட்ஸ்மேன்கிட்ட இருக்கு, அங்கயும் அந்தக் கேள்வியைத்தான் மேல போட்டிருக்கேன்.

சேர்த்து அனுப்பின காகிதத்துல ஒண்ணு தினக் காலண்டர்த் தாள். அன்னிக்கு வந்த போனை ஆச்சி சும்மா கேட்டுட்டு விடலை. அவுக அப்பச்சி பினாங்குல கடை நடத்தினவுக, வீட்டுல யார் வந்தாலும் போனாலும் குறிச்சு வைக்கிற பழக்கம் இவுகளுக்கும் உண்டு. முகப்புல தொங்குற காலண்டர்ல அந்த வெள்ளிக்கிழமைத் தாள்ல, நல்ல நேரம் போட்டிருக்கிற கட்டத்துக்குக் கீழ, நீல பால்பாயின்ட் பேனாவுல எழுதியிருக்காக: "காலை 11.10. பேங்க் ஆள். டெபாசிட் நம்பர் சரியாச் சொன்னான். வட்டி கூடுமாம்." பக்கத்துல அவன் கூப்பிட்ட நம்பர். பணம் போறதுக்கு ஏழு மணி நேரம் முன்னாடி எழுதினது. ஜெராக்ஸ்தான் ஆம்புட்ஸ்மேனுக்குப் போயிருக்கு, அசலை ஆச்சி குடுக்க மாட்டேன்னுட்டாக, சிவகங்கைக்குப் போற நாள் வந்தா எடுத்துட்டு வர்றேன்னு பெட்டகத்துல வச்சுப் பூட்டியிருக்காக.